அக்காவின் பிள்ளைக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உங்கள் அக்காவுக்கு 11 நாளுக்கு முன் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இடது பக்கத்தில் உதடும் பிளந்திருக்கிறது, உள்ளே அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளந்திருக்கிறது. பிறந்தபோது நிறை 2.7 கிலோ. கொடுக்கிற பாலில் பாதி மூக்கால் வருகிறது. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் வீட்டில் அக்காவைக் கரித்துக் கொட்டுகிறார்கள். எப்போது ஆபரேஷன், கொழும்புக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் முகம் நன்றாக வளரும் என்று இலங்கையிலேயே ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்களாமே, அப்படியானால் பிள்ளை கொஞ்சம் பெரிதாகும்வரை பொறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் பேச்சுச் சிகிச்சையாளர். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி மலையகத்துப் பிள்ளைகளோடு. கத்தி பிடிப்பவள் அல்ல. அறுவைச் சிகிச்சை பற்றி நான் சொல்வதெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றதும் வாசித்ததும்தான். உங்கள் மருமகனை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே அவனைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஆபரேஷன் தேதி தேடுவதல்ல, பால் கொடுப்பதைச் சரிப்படுத்துவது. பிள்ளை மார்பில் வாய் வைத்து உறிஞ்சும்போது வாய் ஒரு மூடிய அறையாகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, பால் வருகிறது. அண்ணத்தில் திறப்பு இருந்தால் அந்த அறைக்கு யன்னல் திறந்தே கிடக்கிறது. பிள்ளை வாயை அசைப்பான், களைப்பான், ஆனால் பால் வராது. உதடு மட்டும் பிளந்த பிள்ளைகள் பெரும்பாலும் மார்பிலேயே குடிப்பார்கள். அண்ணமும் பிளந்தவர்களுக்கு அது அநேகமாக முடியாது. இதில் அக்காவின் பிழையும் இல்லை, பிள்ளையின் பிழையும் இல்லை. தாய்ப்பாலைப் பிழிந்து கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் நன்றாக நிமிர்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் போத்தலில் கொடுத்தால் பிள்ளை வாயை அசைக்கும் தாளத்துக்கு மெதுவாக அமுக்கிக் கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் சின்னக் கோப்பையும் கரண்டியும் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுத்தவையாக இருக்க வேண்டும். ஒரு தடவை பால் கொடுக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் குடித்த பாலின் சக்தி குடிக்கும் களைப்புக்கே செலவாகிவிடும். காற்றும் நிறைய விழுங்குவான், இடையில் இரண்டு மூன்று தடவை தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்.

மூக்கால் பால் வருவது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதனால் மட்டும் ஆபத்து இல்லை. துடைத்துவிட்டுத் தொடரலாம். பயப்பட வேண்டியவை வேறு: குடிக்கும்போது நீலம் பாய்வது, மூச்சு இழுப்பது, ஒவ்வொரு தடவையும் புரையேறுவது, நாள் முழுக்க சிறுநீர் குறைவாகப் போவது, எழுப்பினாலும் எழும்பாமல் கிடப்பது. இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றையும் பாருங்கள். கீழ்த்தாடை மிகச் சின்னதாகப் பின்னுக்குப் போயிருந்தால் மல்லாக்காகப் படுக்கும்போது நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும். அப்படி இருந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த நிறையைப் பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடுவார்கள். உங்கள் மருமகன் 14ஆம் நாளில் 2.7 கிலோவுக்கு வந்துவிட்டானா என்று மருத்துவமாதுவிடம் நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவை நிறை போட்டு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சரி, கிரகணம். நம்முடைய ஊர்களில் இதற்குக் 'கிரகண மூளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே பெற்றவளைக் குற்றவாளியாக்குகிறது. உடலுக்குள் நடப்பது இதுதான்: கருவில் முகம் வலது, இடது, நடு என்று தனித்தனித் துண்டுகளாக வளர்ந்து வந்து ஒட்டுகிறது. உதடு ஒட்டுவது ஏறக்குறைய 4 முதல் 7ஆம் வாரத்துக்குள். அண்ணம் அதற்குப் பின்னால், 12ஆம் வாரமளவில் மூடி முடிகிறது. அந்த ஒட்டுதல் ஏதோ ஒரு பக்கத்தில் நடக்காமல் போனால் பிளவு. உதடு ஒட்டும் நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். வயிறு தெரியத் தொடங்கிய பிறகு வந்த கிரகணத்தன்று வெளியே போனாள், கத்தி எடுத்தாள் என்று சொல்லும்போது பிள்ளையின் உதடு உருவாகி மாதக்கணக்காகியிருக்கும். கிரகணம் வந்தால் தோட்டத்துக்கே வருகிறது. அந்த மாதம் தோட்டத்தில் கர்ப்பமாக இருந்த எல்லாப் பெண்களுக்கும் இப்படியா பிறந்தது என்று மாமியாரிடம் நீங்கள் கேட்கலாம். தாய்மாமன் கேட்டால் அந்த வீட்டில் எடுபடும்.

அப்படியானால் காரணம் என்ன? உலகத்தில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி நடக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளில் ஒற்றைக் காரணத்தைக் கைகாட்ட முடியாது. பரம்பரையும் கர்ப்பகாலச் சூழலும் சேர்ந்து செய்கின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியவை சில: கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சிகரெட் புகை, வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட், டொபிரமேட் போன்ற சில மருந்துகள், கட்டுப்படாத சீனி வியாதி ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து எடுக்கும் யாரும் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுவதால் கொஞ்சம் கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோருக்கு இப்படிப் பிறப்பதில்லை. கல்யாணமான பெண்களுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளைத் தடுப்பது நிச்சயம். பிளவையும் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. என்றாலும் அதை எடுக்காமல் விடக் காரணமே இல்லை. அக்கா அடுத்த பிள்ளையைப் பற்றிப் பயப்படுவாள். வேறு நோய் எதுவும் சேராத பிளவு என்றால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு அளவில்தான். அக்காவுக்கோ மச்சானுக்கோ கீழுதட்டில் இரண்டு சின்னக் குழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது பாதிக்குப் பாதி பரம்பரையாக இறங்கும் ஒரு வகை, டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த ஆராய்ச்சி. நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை, அதில் பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் வைத்தியசாலையைச் சேர்ந்த பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் 1984இல் காலியில் ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கினார். ஆபரேஷனே செய்யாமல் வளர்ந்து பெரியவர்களான பலர் அப்போது நம் நாட்டில் இருந்தார்கள். ஐரோப்பாவில் அப்படி யாரையும் காண முடியாது, எல்லோருக்கும் சின்னதிலேயே செய்துவிடுவார்கள். சின்னதில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் சிலருக்கு வளர வளர மேல்தாடை பின்தங்கி முகத்தின் நடுப்பகுதி உள்ளே போய்விடும். பிளவோடு பிறந்ததாலேயே தாடை வளர்வதில்லையா, ஆபரேஷன் தழும்பு வளரவிடாமல் பிடிக்கிறதா என்பது அவர்களுக்கு விடை தெரியாத கேள்வி. நம் நாட்டுப் பெரியவர்களின் தாடையை அளந்து பார்த்தபோது விடை கிடைத்தது. ஆபரேஷன் செய்யாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. வளர்ச்சியைப் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு தழும்புக்குத்தான். உங்களுக்குச் சொன்னவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

மற்றப் பாதியை எழுதியவர்கள் என் துறைக்காரர்கள். அதே வேலைத்திட்டத்தில் இளம் வயதினருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணத்தை மூடினார்கள். அப்புறம் டெபி செல், பமெலா கிரன்வெல் இருவரும் அவர்களின் பேச்சை ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார்கள். ஓட்டையை மூடியாகிவிட்டது, பேச்சு திருந்தவில்லை. பெரும்பாலானவர்கள் மூக்கால் பேசுவதும் தொண்டையால் எழுத்துகளை வெட்டிப் பேசுவதும் தொடர்ந்தது. பத்துப் பதினைந்து வருஷம் பழகிய நாக்கை ஒரு நாள் ஆபரேஷன் மாற்றாது. ஆக அந்த ஆராய்ச்சியைக் காட்டி அண்ண ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. தாடை பின்தங்கினால் 17, 18 வயதில் அதை முன்னுக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. பேச்சு கைவிட்டுப் போனால் அந்த வயதில் முழுதாகத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஏன் என்று தமிழ் எழுத்தை வைத்தே காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம் படித்தோமே. மெல்லினத்துக்கு மூச்சு மூக்கால் போகும். வல்லினத்துக்கு மூக்குக்குப் போகும் வழியை அண்ணத்தின் பின்பகுதித் தசை எழும்பி அடைக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் அந்த அடைப்பு இல்லை. வல்லினம் எல்லாம் மெல்லினமாகிவிடும். 'பட்டு' என்று சொல்ல நினைத்த பிள்ளையின் வாயில் 'மண்ணு' வரும். 'பாப்பா' சொன்னால் 'மாம்மா'. நான் ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு 'பாப்பா' சொல்லச் சொல்வேன். அண்ணம் சரியாக மூடும் பிள்ளைக்குக் கண்ணாடி தெளிவாக இருக்கும். மூடாத பிள்ளைக்கு ஒவ்வொரு 'பா'வுக்கும் மூக்குத் துளைக்கு நேரே மூச்சின் ஆவி ஒரு வட்டமாகப் படியும். குளிரான காலைநேரக் கிளினிக்கில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயதில் அவனைக் கூட்டி வந்தவர் அவனுடைய டீச்சர். உதட்டில் தையல் போட்ட இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு நேர்த்தியான ஆபரேஷன், நான்கு மாதத்தில் செய்தது. வாயைத் திறக்கச் சொன்னேன், அண்ணம் பிறந்த மாதிரியே திறந்து கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன். "உதடு சரியாப் போச்சுங்களே, எல்லாம் முடிஞ்சிச்சுன்னு நெனைச்சோம்" என்றார். ஆபரேஷன் செய்த இடத்தில் அடுத்தது அண்ணம் என்று அவருக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை. கொடுத்த காகிதத்தில் எழுதியிருந்தது, அவருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. பையன் வகுப்பில் பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவானாம். 'டீச்சர்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். மூக்கும் தொண்டையுமாக ஒரு சத்தம் வந்தது, உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டான். எட்டு வயதில் அண்ணத்தை மூடினார்கள். இரண்டு வருஷம் நானும் அவனும் உழைத்தோம். ப, ட வந்தது. க கடைசிவரை தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒரு வயதில் மூடியிருந்தால் அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், ஊரார் பார்ப்பது உதட்டை, நீங்கள் கணக்கு வைக்க வேண்டியது அண்ணத்தை. வழக்கமான காலம் இதுதான். உதடு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். பிள்ளைக்குக் குறைந்தது பத்து வாரம், நிறை பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ, இரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து என்று ஒரு பழைய கணக்கு உண்டு, இன்றும் பலர் அதை ஒட்டித்தான் போகிறார்கள். அண்ணம் 9 முதல் 12 மாதம், எப்படிப் போனாலும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது. இதற்குள் எது மிகச் சிறந்த மாதம் என்பதில்தான் விவாதம். 2023இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 558 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 6 மாதத்திலும் மற்றதற்கு 12 மாதத்திலும் அண்ணத்தை மூடினார்கள். ஐந்து வயதில் பேச்சைப் பரிசோதித்தபோது, அண்ணம் மூக்கு வழியைச் சரியாக அடைக்காத நிலை 6 மாதக் குழுவில் 8.9 சதவீதம், 12 மாதக் குழுவில் 15 சதவீதம். முந்திச் செய்தது பேச்சுக்கு நல்லது என்று அது சொல்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்த, மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைகள். உங்கள் மருமகனுக்கு இரண்டும் பிளந்திருக்கிறது. அந்த எண்ணை அப்படியே அவனுக்குப் பொருத்த முடியாது. ஆறு மாதமா பன்னிரண்டு மாதமா என்பதை நிபுணர் தீர்மானிக்கட்டும். ஒன்றரை வயதைத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேதி கிடைத்த பிறகும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது தள்ளிப்போவதற்கு நான் கண்ட காரணங்கள் இரண்டு: தடிமன், இரத்தக் குறைவு. தடிமனும் இருமலும் இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். மழை மாதத்தில், லயக்காம்பராவில் விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கு இருமல் விடாது. அடுப்பு எரியும்போது பிள்ளையை அடுத்த காம்பராவுக்கு மாற்றுங்கள். இரத்தக் குறைவுக்கு ஒரு விஷயத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்: சாயத்தண்ணி. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், அதற்குப் பிறகும் தேத்தண்ணி கொடுக்கவே கூடாது. உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பது அது. சீனி போட்ட சாயம் வரப்போகிற பல்லையும் கெடுக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பல்லும் பின்னால் தேவை. ஆறு மாதத்துக்குப் பிறகு முட்டை மஞ்சள் கரு, நெத்தலி, பருப்பு, கீரை என்று மசித்துக் கொடுங்கள். அக்கா வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், பார்ப்பவருக்கும் இந்தப் பால் கொடுக்கும் முறையை நேரில் காட்டிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, ஒரு நாள் கூடவே இருந்து காட்டுங்கள்.

கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பல் வைத்தியசாலையில் நீண்ட காலமாக இந்த அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். பக்கத்திலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கண்டி பஸ் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையைத் தொட்டுத்தான் போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பணம் இல்லை. போக்குவரத்தும், அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போவதும்தான் செலவு, அதற்குக் குடும்பமாக இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் பிள்ளை டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு இந்த மாதத்துக்குள்ளேயே ஒரு தடவை போய்ப் பதிந்துவிடுங்கள். இதயத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணப் பிளவோடு சில பிள்ளைகளுக்கு அங்கேயும் குறை இருக்கும்.

காதையும் மறக்காதீர்கள். அண்ணத்துத் தசைதான் காதுக்குள் காற்றுப் போகும் குழாயைத் திறப்பது. அது வேலை செய்யாததால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி, பிள்ளை கேட்டும் கேளாமலும் இருப்பான். கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது, ஆகவே கேட்கும் பரிசோதனை அடிக்கடி வேண்டும். பேச்சுக்காகப் பலூன் ஊது, விசில் ஊது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஊதிப் பழகினால் ஊத வரும், பேச்சுத் திருந்தாது. இப்போதே அக்கா செய்யக்கூடியது, பிள்ளையை முகத்துக்கு நேரே வைத்து நிறையப் பேசுவதும் பாடுவதும். அவன் எழுப்பும் சத்தத்துக்குப் பதில் சத்தம் கொடுங்கள். அண்ணத்தை மூடிய பிறகு 'பாப்பா', 'தாத்தா' என்று உதடும் நாக்கும் தொடும் சொற்களை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். அப்போதும் ஐந்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதைவிடக் கூடுதலானவர்களுக்கு, இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். அது முதல் ஆபரேஷனின் தோல்வி என்று நினைக்காதீர்கள். 8 முதல் 11 வயதுக்குள் ஈறில் இருக்கும் பிளவுக்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், கோரைப்பல் அதன் வழியாக இறங்கும். அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வையுங்கள். தாய்மாமனாக நீங்களே தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமல், நாலு பேர் முன்னால் கூப்பிடுங்கள். பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்தில் பேனாவால் இரண்டு மாதத்தைப் பெரிதாக எழுதுங்கள்: அவனுக்கு ஒன்பது மாதம் முடியும் மாதம், ஒன்றரை வயது முடியும் மாதம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, அண்ணம் எப்போது என்று கேளுங்கள். 14ஆம் நாள் நிறையையும் எனக்கு எழுதுங்கள், பால் கொடுக்கும் முறையில் எதை மாற்றுவது என்று பார்ப்போம்.